வண்டி இன்னும் முடியவில்லை

அண்ணனிடம் நான் சொன்ன பொய் மூன்றே சொற்கள். வண்டி இன்னும் முடியவில்லை. இரண்டு வருஷத்தில் இதை நான்கு கேசட்டில் பேசி அனுப்பியிருக்கிறேன். முதல் இரண்டு தடவை அது உண்மை. அந்தப் பழக்கத்தில் பின்னால் வந்த இரண்டும் சிரமமில்லாமல் வாயில் வந்துவிட்டன.

பாபநாசத்தில் எங்கள் தெருவில் அப்போது வீட்டுக்கு ஒருவராவது சபரில் இருந்தார். சபர் என்றால் பயணம், எங்களுக்கு அது வளைகுடா. அண்ணன் அங்கே ஒரு கட்டுமானக் கம்பெனியில் பிக்கப் ஓட்டினார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். கல்யாணமான நாற்பதாம் நாள் விமானம் ஏறியவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து, இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போவார். போகிற அன்று காலையில் அவருக்குச் சோறு இறங்காது. அத்தா, எங்கள் தகப்பனார், "ரெண்டு வாய் சாப்புட்டுப் போடா" என்று கெஞ்சுவார். அண்ணி தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். நான் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருப்பேன். எனக்கு வீட்டில் வேறு வேலை கிடையாது.

அவருக்கு ஊரோடு வந்துவிட வேண்டும். ஆனால் சும்மா வந்துவிட முடியாது. விசாவை முடித்துக்கொண்டு, கையில் ஒரு தொழிலும் இல்லாமல் வந்து இறங்கினால் தெருவில் அவனுக்குப் பெயர் 'கேன்சல்ல வந்தவன்'. அதைவிடக் கேவலமான பட்டம் எங்கள் தெருவில் இல்லை. பள்ளிவாசலில் கட்டிப்பிடித்து ஸலாம் சொல்கிறவர்களே நாலு எட்டு நடந்ததும் "எப்பத் திரும்பிப் போறானாம்?" என்று கேட்டுக்கொள்வார்கள். பெண் கொடுத்த வீட்டிலும் அதையே கேட்பார்கள், இன்னும் கொஞ்சம் மரியாதையாக.

அதற்காகத்தான் அந்த வண்டி. ஒரு லீவில் வந்திருந்தபோது திருப்பனந்தாள் பக்கம் ஒரு விதைப் பண்ணையில் பழைய பிக்கப் ஒன்றை ஏலம் விட்டார்கள். அண்ணன் எடுத்தார். பெட்ரோல் வண்டி. கேபினில் உட்கார்ந்து கீழே பார்த்தால் ரோடு தெரியும். பின்னால் தொட்டியில் எரு கொட்டி வைத்து வைத்து மூலைகள் அரித்துப் போயிருந்தன. வேறொரு வண்டியில் கயிறு கட்டி இழுத்து வந்து, கும்பகோணம் ரோட்டில் ஒரு பட்டறையில் விட்டோம். டிங்கர் வேலை, வெல்டிங், இன்ஜின் எல்லாம் பார்க்கிற ஒரு மேஸ்திரி அங்கே இருந்தார். வண்டியைச் சுற்றி வந்து, சுத்தியலால் நாலு இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, "சேஸிஸ் நல்ல சேஸிஸ் பாய். மத்தது எல்லாம் நாம போட்டுக்கறதுதான்" என்றார். அண்ணன் கிளம்பும்போது என்னிடம் சொன்னார்.

"இத ரோட்டுல ஓட விட்டுட்டேன்னு நீ சொல்ற அன்னைக்கு நான் அங்க கையெழுத்துப் போட மாட்டேன்டா. வந்துடுவேன். நீ பாத்து முடி."

அங்கே அக்ரிமென்ட் இரண்டு வருஷத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் முடிகிறபோது கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருஷம். போடாவிட்டால் டிக்கெட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

எங்கள் வீட்டில் கடிதம் குறைவு, கேசட்தான். லீவில் வருகிறவர் யாராவது கொண்டுவந்து கொடுப்பார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சாப்பிட்டபின் டேப்ரிக்கார்டரை நடுக்கூடத்தில் வைத்துப் போடுவோம். ஏ பக்கம் வீட்டுக்கு. ஸலாம், எல்லாருடைய சுகம், வண்டி விஷயம். அது முடிந்ததும் அத்தா கேசட்டை எடுத்து, அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் நீட்டுவார். பி பக்கம் அண்ணிக்கு. அப்படி யாரும் சட்டம் போட்டதில்லை, ஆனால் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அண்ணி டேப்ரிக்கார்டரோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வெளியே ஒரு சத்தமும் வராது. முகம் கழுவிக்கொண்டு வெளியே வருவார். பதிலையும் அதே கேசட்டில்தான் பேசுவோம், அவர் பேசியதன் மேலேயே. அதனால் அண்ணனின் அந்த வருஷங்களின் குரல் எங்கள் வீட்டில் ஒரு வார்த்தைகூட மிஞ்சவில்லை.

வண்டியின் திட்டம் மாறிக்கொண்டே இருந்ததற்கு முதல் காரணம் இந்தக் கேசட்டுகள்தான். தொட்டிக்கு இரும்புத் தகடு போட்டு வெல்டு வைத்து முடித்தபின் கேசட் வரும். 'மரப்பலகை போடு, நெல்லு மூட்டைக்கு அதுதான் நல்லது' என்று அண்ணன் பேசியிருப்பார். தகட்டைப் பிரித்துப் பலகை போடுவோம். அடுத்த கேசட்டில் 'பலகை எல்லாம் இந்தக் காலத்துல யாரு போடறா, தகடே இருக்கட்டும்' என்பார். மேஸ்திரி வாய்விட்டுச் சிரிப்பார். "உங்க அண்ணன் அங்கேருந்து நம்மள வேல வாங்கறாரு. இங்கேயே இருந்தாக்கூட இவ்வளவு வாங்க மாட்டாரு." பெட்ரோல் இன்ஜினை வைத்து லோடு அடித்துக் கட்டாது என்று தெரிந்ததும், பழைய கார் ஒன்றிலிருந்து டீசல் இன்ஜினை எடுத்து மாட்டினோம். அந்தக் காலத்தில் பாதி ஊர் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. மவுண்டிங் சேராமல் இரண்டு தடவை வெட்டி வைத்தார் மேஸ்திரி. அந்த மாதங்களில் நான் சொன்ன 'முடியவில்லை' எல்லாம் சத்தியம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் பி.காம்.மில் நாலு பேப்பரை வைத்துக்கொண்டு தெருமுனையில் நின்றுகொண்டிருந்தவன். தண்டச்சோறு என்று அத்தா நேராகவே சொல்வார். பட்டறைக்குப் போனபின் எல்லாம் மாறியது. மேஸ்திரி எனக்கு நாற்காலி போடச் சொல்வார். எதிர்க் கடையிலிருந்து டீ என்னைக் கேட்காமலே வரும். "ஓனர் வந்துட்டாரு, அவர்ட்ட கேளு" என்று என்னைக் கைகாட்டுவார்கள். கிரவுன், ஆக்சில், வில்லுப்பட்டை என்று எனக்கும் பேச வந்தது. வெயிலில் நின்று ஒரு வெல்டிங்கைத் தடவிப் பார்த்து "இங்க இன்னொரு ஓட்டு ஓட்டிடுங்க" என்று சொல்கிறபோது மனசு நிறைந்து போகும். அண்ணன் வந்துவிட்டால் ஸ்டியரிங் அவருடையது. நான் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, இறங்கிப் பின்னால் தட்டி "வரலாம், வரலாம்" என்று சொல்கிற கிளீனர். இதற்குத்தான் பயப்படுகிறாயா என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் அடிக்கப் போயிருப்பேன்.

காவிரியில் தண்ணீர் வராத வருஷம் அது. ஆடி போய் ஆவணி வந்தும் குடமுருட்டியில் மணல்தான் கிடந்தது. குறுவை போடவே இல்லை. அந்த ஆவணியில்தான் வண்டி முடிந்தது. வெள்ளை பெயிண்ட், அண்ணன் சொன்னபடி. நானும் மேஸ்திரியும் அய்யம்பேட்டை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தோம். பிரேக் ஒரு பக்கம் இழுக்கவில்லை, கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. பட்டறை வாசலில் இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டே மேஸ்திரி சொன்னார்.

"இனி என் கையில ஒண்ணும் இல்ல. எஃப்.சி. காட்டிட்டு ஓட்ட வேண்டியதுதான். அண்ணனுக்குச் சொல்லி விட்டுடுங்க பாய்."

"சொல்லிடறேன்" என்றேன். நடந்தே வீட்டுக்கு வந்தேன். எனக்குச் சந்தோஷமாக இல்லை. ஏன் இல்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை கேசட்டில் நான் பேசினேன். நெல்லே இல்லாத வருஷத்தில் மூட்டை ஏற்ற வண்டி எதற்கு, மேலே கூண்டு கட்டி இரண்டு பக்கமும் பெஞ்ச் போட்டால் ஆளேற்றலாம், அதனால் வண்டி இன்னும் முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தா தலையாட்டினார். நியாயமான பேச்சுதானே. பொய் இவ்வளவு நியாயமாக இருந்துவிட்டால் அதைக் கண்டுபிடிக்க ஆளே இல்லை. வண்டி ஓடுகிறது என்கிற ஒரு செய்தியை மட்டும் நான் சொல்லவில்லை. கூண்டு கட்டினோம். சரக்கு வண்டியில் ஆளேற்றக்கூடாது, பெர்மிட் கிடைக்காது என்று பட்டறைக்கு வந்துபோன எல்லா டிரைவர்களும் சொன்னார்கள். எனக்கும் முதலிலேயே தெரியும். கூண்டைப் பிரித்தோம்.

அண்ணி ஒருநாள் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார். அவர் என்னிடம் அதிகம் பேசமாட்டார். பேசினாலும் தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, எங்கேயோ பார்த்துத்தான் பேசுவார். அன்று என்னைப் பார்த்தே கேட்டார்.

"தம்பி, வண்டியில இன்னும் என்ன வேல பாக்கி இருக்கு?"

"தொட்டி சின்னதா இருக்கு அண்ணி. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வாழைத்தார் லோடு நிறைய இருக்கு. ரெண்டடி நீட்டணும்."

"இருக்கறத வச்சு ஓட்டக்கூடாதா? பொறவு நீட்டிக்கலாமே. ஓடுது, வாங்கன்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லி விடுங்களேன் தம்பி."

"உங்களுக்கு வண்டி வேலையப் பத்தி என்ன தெரியும்?" என்றேன்.

அண்ணி கையில் வைத்திருந்த கரண்டியைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

மறுவாரம் சேஸிஸை வெட்டினார்கள். மேஸ்திரிக்கு இஷ்டமே இல்லை. "ஓடுற வண்டியப் போய் வெட்டச் சொல்றீங்களே" என்று மூன்று தடவை சொன்னார். நான் ஓனர் அல்லவா, வெட்டச் சொன்னேன். கேபின் ஒரு பக்கமும் தொட்டி ஒரு பக்கமுமாக வண்டி இரண்டாகப் பட்டறையில் கிடந்தது. நடுவில் டீசல் பைப்பும் ஒயர்களும் வெட்டிய வாயோடு தொங்கின. பார்க்கவே எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. அன்று சாயங்காலம் கேசட்டில் பேசினேன். ரெண்டடி நீட்டுகிறோம், இரண்டு மாசம் ஆகும், வண்டி இன்னும் முடியவில்லை. நாலாவது தடவை.

கேசட்டை வாங்கிப் போக வேண்டியவர் இரண்டு நாள் கழித்து மதியம் வருவதாக இருந்தது. அண்ணி தன் தம்பியின் நிக்காஹுக்காகத் தாய்வீட்டுக்குப் போயிருந்தார். போகிற அவசரத்தில் பி பக்கம் தன் பதிலைப் பேசவில்லை போலிருக்கிறது. அவர் வரவேண்டிய அன்று மதியம், நான் பேசியது சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கக் கேசட்டைப் போட்டேன். பக்கம் மாறிவிட்டது.

முதலில் அது அண்ணன் குரல் என்றே எனக்குத் தெரியவில்லை. ஏ பக்கத்தில் பேசுகிற அண்ணன் சத்தமாகப் பேசுவார், வண்டியைப் பற்றிக் கேலி பேசுவார். இவர் பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல ரகசியமாகப் பேசினார்.

"...கால்ல புண்ணு இன்னும் ஆறல. சுண்டுவிரல் கறுத்துப் போச்சு. ஷூ போட முடியல, செருப்போடதான் ஓட்டறேன். கிளட்ச மிதிச்சா உசிரு போவுது. சக்கரை இருக்குன்னு சொல்லி மாத்திரை குடுக்கறாங்க, லீவு குடுக்க மாட்டேங்கறாங்க. அத்தாகிட்ட சொல்லிடாத. தம்பிகிட்ட சொல்லவே சொல்லாத, அவன் பதறிப்போய் வண்டிய அரைகுறையா எறக்கிடுவான், பாவம். வர்ற மாசம் கடைசியில அக்ரிமென்ட் முடியுது. அதுக்குள்ள முடிஞ்சுடுச்சுன்னு ஒரு வார்த்தை வந்தாப் போதும். கையெழுத்துப் போடாம வந்துடுவேன்."

பிறகு அழுதார். ஆண்பிள்ளை அழுகிற சத்தத்தை அதற்குமுன் நான் சாவு விழுந்த மய்யத்து வீட்டில்தான் கேட்டிருந்தேன். நிறுத்தினேன்.

அந்த மதியம் நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஏ பக்கத்தைத் திருப்பிப் போட்டு, வந்துவிடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அரை நிமிஷ வேலை. கேசட் போய்ச் சேரத் தாமதமாகும் என்றால் கடைத்தெருவில் ஐ.எஸ்.டி. பூத் வந்திருந்தது. அண்ணன் தங்கியிருந்த கேம்ப்பின் நம்பர் எங்களிடம் இருந்தது. சாவுச் செய்தி சொல்வதற்கென்று அத்தா எழுதி வைத்திருந்தார். நான் டேப்ரிக்கார்டர் முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். அதுவரைக்கும் முடியாத வண்டி திடீரென்று எப்படி முடிந்தது என்று அத்தா கேட்பார். புருஷன் பெண்டாட்டி பேசிக்கொண்டதை ஒட்டுக்கேட்டான் என்று ஆகிவிடும். அண்ணியின் முகத்தில் எப்படி விழிப்பேன்? வண்டியும் இரண்டு துண்டாகக் கிடக்கிறது. இப்போதே போய் மேஸ்திரியை விரட்டினால் பத்து நாளில் ஒட்டிவிடலாம், ஒட்டிவிட்டுப் போன் பண்ணிவிடலாம், அப்போது அது உண்மையாகவே இருக்கும். இத்தனையும் யோசிக்கத் தெரிந்த எனக்கு அந்தக் கால் மட்டும் நினைவில் நிற்கவில்லை. கேசட் வாங்க வந்தவர் வாசலில் ஸலாம் சொல்லும் சத்தம் கேட்டது. கேசட்டை அப்படியே எடுத்துப் போய்க் கொடுத்தேன்.

பத்து நாள் பத்து நாளாக இல்லை. ஒட்டிய சேஸிஸ் கோணலாக நின்றது. மறுபடி வெட்டினார்கள். நேராக நின்றபின் எஃப்.சி.க்குக் கொண்டுபோனோம். பிரேக் இன்ஸ்பெக்டர் டேப்பை வைத்து அளந்தார். ஆர்.சி. புக்கில் இருக்கிற நீளம் வேறு, நிற்கிற வண்டி வேறு என்று திருப்பி அனுப்பினார். அவர் செய்தது சரிதான். நான் போன் பண்ணவில்லை. இன்றைக்குப் பண்ணலாம் நாளைக்குப் பண்ணலாம் என்று மாசக் கடைசி வந்தது, போனது. அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டார், அவருக்குரிய லீவையும் கம்பெனி தள்ளிப்போட்டுவிட்டது என்பது அடுத்த கேசட்டில் தெரிந்தது. ஏ பக்கத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார். "ரெண்டு வருஷந்தானே, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிடும். நீ அவசரப்படாத, நல்லாவே செய்யி." அன்று அண்ணி கேசட்டைக் கையில் வாங்கிக்கொண்டு அறைக்குள் போகவில்லை. கூடத்திலேயே நின்றார்.

இரண்டு வருஷம் அவருக்குத் தேவைப்படவில்லை. எட்டாவது மாதம் பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

திருச்சி ஏர்போர்ட்டுக்கு வாடகைக் கார் எடுத்துக்கொண்டு போனோம். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மடியில் ஒரு கைப்பை, பழைய நீளத்தில் கால்சட்டை, ஒரு பக்கம் மடித்துப் பின் குத்தியிருந்தது. அத்தா கைத்தடியை விட்டுவிட்டு அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் அத்தாவின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்து, "வண்டி எப்படிடா இருக்கு?" என்றார்.

தஞ்சாவூரில் செயற்கைக் கால் பொருத்தி, நடக்கப் பழகியபின் ஒருநாள் பட்டறைக்கு வரவேண்டும் என்றார். அதற்குள் நீட்டிய இரண்டடியை மறுபடியும் வெட்டி எடுத்து, பழைய அளவுக்கே கொண்டுவந்து, எஃப்.சி. வாங்கியிருந்தோம். மேஸ்திரி அவரைப் பார்த்ததும் கலங்கிவிட்டார். எதையாவது சொல்ல வேண்டும் என்று வண்டியைத் தட்டிக் காட்டினார்.

"அன்னைக்கு இருந்த அதே வண்டிதாங்க இது. அய்யம்பேட்டை வரைக்கும் ஓட்டிப் பாத்தப்பவே முடிஞ்ச வண்டிங்க. அப்பறம் சின்ன பாய்தான் நிறுத்தி..."

"எப்ப?" என்றார் அண்ணன்.

"தண்ணி வராத வருஷங்க. ஆவணி மாசம்."

அண்ணன் பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். மனசுக்குள் மாதங்களை எண்ணுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. மேஸ்திரிக்கும் ஏதோ புரிந்து உள்ளே போய்விட்டார்.

"ஏன்டா?"

"நெல்லு லோடு இல்லையே அண்ணே" என்றேன். அப்போதும் அதைத்தான் சொன்னேன்.

திட்டுவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். அதுவும் பொய்யாக இருக்கலாம். அவர் மெதுவாக நடந்து, இடது பக்கக் கதவைத் திறந்து, கையால் காலைத் தூக்கி உள்ளே வைத்து ஏறி உட்கார்ந்தார். "எடு, போவோம்" என்றார். பி பக்கத்தை நான் கேட்டது அவருக்குத் தெரியாது. அண்ணிக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. அதன்பின் அண்ணி என்னைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை.

அந்த வண்டியை நான் பல வருஷம் ஓட்டினேன். நெல், வைக்கோல், வாழைத்தார், எது கிடைத்தாலும் ஏற்றினோம். அண்ணன் தினமும் கூட வந்தார், பக்கத்துச் சீட்டில். அதிகம் பேசமாட்டார், ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருவார். அவர் காலடியில் பெடல் கிடையாது, வெறும் தகடு. மேட்டில் ஏறும்போதும், எதிரே பஸ் வரும்போதும் அந்தத் தகட்டில் டொக்கென்று ஒரு சத்தம் கேட்கும். அது செயற்கைக் கால் தானாக அழுந்துகிற சத்தம். அவருக்கே அது தெரியாது. எப்போதும் எனக்கு ஒரு நொடி முன்னால் மிதித்துவிடுவார். அந்தச் சத்தம் கேட்டபின்தான் நான் கிளட்சை மிதித்துக் கியர் மாற்றுவேன்.